மிதவை

மூன்றாம் முறையும் அதே கதை:
இரண்டு நிமிடம் உறுமல், பிறகு ஐந்து பீப்,
பிறகு ஒரு குழாய்ப் படம் சிவப்பாய் மின்னி
என்னையே பார்க்கிறது.
கையேடு ஜேர்மன் மொழியில்.
புதுக்கடை நீதிமன்றத்தில் பதினாறு வருஷம்
சிங்களத்தைத் தமிழாக்கி, தமிழைச் சிங்களமாக்கிச்
சம்பளம் வாங்குகிறவள் நான்.
ஐந்து பீப்புக்கு என்னிடம் சொல் இல்லை.

நாட்டைவிட்டுப் போன தூதரகக்காரி ஒருத்தி
அரை விலைக்குத் தந்த மெஷின்.
வெள்ளவத்தையில் ஆறாம் மாடிக்கு
அதைச் சுமந்து ஏறிய பொடியன்கள்
"நாலு கோப்பை கழுவவா அக்கா இவ்வளவு பாரம்?" என்று
கேட்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.
குசினி ஜன்னலில் கடல் எட்டிப் பார்க்கிறது.
அது இந்தக் கணக்கில் வராது.

இல்ஹாம் நானா வரமாட்டார்.
மாளிகாவத்தையில் முழங்கால் அளவு வெள்ளம்.
"ஒங்களுக்குத் தண்ணி வருதில்ல, தங்கச்சி.
எனக்கு வந்தது போதும் போதும்.
ஃபோன ஸ்பீக்கர்ல போடுங்கொ."

"பின்னுக்கு பைப் தொறந்தா ஈக்கி?"
திறந்திருக்கிறது.
"ஹோஸ் எங்கயாலும் மடங்கி ஈக்கா?"
மெஷினை இழுத்தேன். சுவருக்கும் அதற்கும் நடுவே
செத்த கரப்பான் ஒன்று,
போன தைப்பொங்கலுக்குத் தொலைந்த தோடு.
மடிப்பில்லை.
"கழட்டி வாளிக்குள்ள புடிங்கொ."
பிடித்தேன். வாளி தாண்டி, ஹவுஸ்கோட் தாண்டி,
சுவரில் கலண்டர் வரைக்கும் தண்ணீர்.
"அப்ப பிரஷர் ஈக்கி," என்றார், சந்தோஷமாக.

வால்வின் வாயில் ஒரு குட்டி வலை.
வலை நிறைய மணல், மொட்டைமாடித் தாங்கியின் துரு.
பழைய பிரஷால் தேய்த்தேன். பூட்டினேன். அழுத்தினேன்.
உறுமல்.
ஐந்து பீப்.

"வால்வு போயிருந்தா சரிவராது.
அந்தச் சாமான் இப்ப வாரதில்ல,
வந்தாலும் மெஷின் வெலைக்கு வரும்."
மறுமுனையில் பிள்ளைகள்
எதையோ தூக்கிக் கட்டிலில் ஏற்றும் சத்தம்.
வைக்கட்டுமா நானா, பிறகு எடுக்கிறேன் என்றேன்.
"பொறுங்கொ. பீங்கானெல்லாம் வெளிய எடுங்கொ.
அடியில, முன்னுக்கு, ஒரு தொப்பி மாதிரி ஈக்கும்.
தூக்கி உடுங்கொ. டக் எண்டு உழோணும்."

அவருக்குப் பீங்கான், எனக்குக் கோப்பை.
எந்தப் பெயரிலும் அழுக்கு:
காய்ந்த பருப்பு, காய்ந்த சொதி, நேற்று, முந்தாநாள்.
எடுத்து மேசையில் அடுக்கினேன்.
தொப்பி ஏற்கெனவே உயர்ந்தபடி நின்றது.
அமுக்கினேன். விழவில்லை.

"அதுதான்! மிதக்கிற சாமான் அது.
தண்ணி கூடினா மேல வரும், வந்து வால்வ பூட்டும்.
இப்ப சும்மா மேல நிண்டுகொண்டு
எல்லாம் நெறஞ்சி போச்சு எண்டு சொல்லுது.
மெஷினும் நம்புது, பாவம்."

இன்று காலை, சாட்சிக் கூண்டில் ஒரு மனுசி.
கேள்விகள் ஒன்பது. ஒன்பதுக்கும்
"சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டன் ஐயா."
அவள் எதையுமே சொல்லியிருக்கவில்லை.
நான் அதைச் சிங்களத்தில் அப்படியே சொன்னேன்,
பிசகில்லாமல், இலக்கணத்தோடு.
நீதவான் எழுதிக்கொண்டார்.

முள்ளுக்கரண்டியின் ஓரப் பல்லால் கிண்டினேன்.
தொப்பிக்கு அடியில்
சப்பித் துப்பிய முருங்கைக்காயின் ஒரு நார்,
அதைக் கட்டிப்பிடித்தபடி ஒரு தேசிக்காய் விதை.

டக்.

கதவைச் சாத்தினேன். உறுமல். பிறகு
உள்ளே தண்ணீர்.
ஈரத் தரையில் அப்படியே இருந்துவிட்டேன்.
"கேக்குது, எனக்கும் கேக்குது" என்றார் நானா,
தன் வீட்டுத் தண்ணீருக்குள் நின்றபடி.
காசு வேண்டாமாம். நூறு ரூபாய்க்கு ரீலோட் போதுமாம்.
இருநூறு போட்டேன்.

அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.
கோப்பைகள் எல்லாம் மேசையில்.
ஒரு மணி பதினெட்டு நிமிடம்
கழுவ ஒன்றுமில்லாமல் ஓடியது மெஷின்.
நிறுத்த மனம் வரவில்லை.